பலகையில் ஏற வேண்டிய பெயர்

பத்மாசினியைப் பிடிக்காதவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். பிடித்தவர்களை எண்ண ஒரு கையே அதிகம். அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. சுன்னாகத்துக்கு வடக்கே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற அந்த ஊரின் கூட்டுறவுச் சங்கக்கடையில் இருபத்திரண்டு வருடமாக அவள்தான் விற்பனையாளர். பருப்பு வாங்க வந்தவளைப் பார்த்து, “செவ்வாய்க்கிழமை ஒரு கிலோ கொண்டுபோனீர், அதுக்கிடையிலை முடிஞ்சுதோ? மாட்டுக்கும் பருப்போ வைக்கிறியள்?” என்று நாலு பேர் கேட்கக் கேட்பாள். யார் எந்தக் கிழமை என்ன வாங்கினார்கள், யார் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிச் சொன்னார்கள், எல்லாம் தலைக்குள் இருந்தது. மறதி என்பது கடவுள் மனிதருக்குக் கொடுக்கிற சலுகை என்றால், வரிசையில் பத்மாசினியின் முறை வந்தபோது அது தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

அந்த ஞாபகத்தால் ஒரேயொரு நல்ல காரியம் நடந்தது. அவள் கடுதாசி என்று ஊர் சொல்கிற சீட்டு விளையாடினாள். முந்நூற்றுநாலு.

தொண்ணூற்றைந்தில், போர் துரத்த, வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஆறு குடும்பங்களுக்கு நடுவில், அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் பக்கத்துப் பாயில் இருந்த ஒருவனும் கடுதாசி போட்டார்கள். நாலாவது ஆள் அரிசி தேடிப் போய்விட்டான். “நீ ஒண்டும் செய்யவேண்டாம், தாளைப் பிடிச்சுக்கொண்டு இரு” என்றார்கள். அவள் ஐந்து நாட்களாக அந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். அன்றைக்கு மூன்று ஆண்பிள்ளைகளும் வாயைப் பிளந்தார்கள். பக்கத்துப் பாய்க்காரன் பெயர் சோமசேகரம். இவளை எதிர்த்து விளையாடிக் காலம் தள்ள முடியாது என்று நினைத்தானோ என்னவோ, இரண்டு வருடம் கழித்து அவளையே கட்டினான்.

முந்நூற்றுநாலு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாலு பேர். எதிரெதிரே இருக்கிற இருவர் ஒரு சோடி. முப்பத்திரண்டு தாள். முதலில் கைக்கு நாலு தாள்தான் வரும். அந்த நாலையும் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்க வேண்டும். பெரிய கேள்வி கேட்டவர், மற்றத் தாள்களை வெட்டுகிற துரும்பைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்ச நாலு தாளும் வரும், எட்டுச் சுற்று ஓடும். சோடிக்காரருக்கு வாயாலோ கண்ணாலோ ஒன்றும் சொல்லக் கூடாது.

சோமசேகரம் வாயாலும் சொல்லமாட்டார், கண்ணாலும் சொல்லமாட்டார். இருமுவார். பத்மாசினி கோபத்தில் கேள்வியை ஏற்றிக்கொண்டு போகிற நேரம் பார்த்து அவருக்குத் தொண்டை அரிக்கும். அவள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வாள். சுருட்டு இருமல் என்று அவள் சத்தியம் பண்ணுவாள். சுருட்டும் உண்மை, இருமலும் உண்மை. ஆனால் தோட்டத்தில் பகல் முழுக்க அதே சுருட்டைப் பிடித்துக்கொண்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற மனுசன் அங்கே ஒருநாளும் இருமியதாகக் கேள்வியில்லை.

ஊர்ச் சனசமூக நிலையத்தில் சித்திரை வருடப்பிறப்புக்கு முந்நூற்றுநாலுப் போட்டி வைப்பார்கள். யாரும் போய் விளையாடலாம். புருசனும் பெண்சாதியும் ஆறு தரம் வென்றார்கள். ஆறு தரமும் ஆளுக்கொரு பிளாஸ்க் கொடுத்தார்கள். பன்னிரண்டு பிளாஸ்க்குகள் வீட்டு அலுமாரிக்கு மேல் வரிசையாக நின்றன. பத்மாசினிக்கு அவற்றைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வேண்டியது பிளாஸ்க் இல்லை.

சனசமூக நிலையத்துச் சுவரில், ஊர் விளையாட்டுக் கழகத்தின் பலகை இருக்கிறது. பச்சை நிறம், வெள்ளை எழுத்து. கரப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், மரதன் ஓட்டம் என்று வருடவாரியாக வென்றவர்களின் பெயர்கள். ஓடி முதலாவதாக வந்து பிறகு கனடாவுக்கும் ஓடிப்போனவன் பெயர்கூட அதில் இருக்கிறது. ஆறு தரம் வென்ற பத்மாசினியின் பெயர் இல்லை. இந்த ஊரில் ஒரு பெண்ணின் பெயரைப் பெரிய எழுத்தில் பார்ப்பதென்றால் கல்யாண அழைப்பிதழில் பார்க்கலாம், செத்த பிறகு சந்தியில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலிப் பனரில் பார்க்கலாம். முதலாவது முடிந்துவிட்டது, இரண்டாவதை அவளால் பார்க்க முடியாது. இடையில் ஒரு தரம், அந்தப் பலகையில், தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசை என்று அவள் சொல்லமாட்டாள். நியாயம் என்பாள்.

கழகத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டும்விட்டாள்.

செயலாளர் சிவகரன் சிரித்தான். முப்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் கரப்பந்தாட்ட அணியின் தலைவன். இப்போது அவன் துள்ளினால் நிலத்துக்குத்தான் நோகும்.

“பத்மாக்கா, விளையாட்டெண்டால் வேர்க்க வேணும். நீங்கள் பாயிலை இருந்து தாள் போடுறியள். நாளைக்கு ஒருத்தர் பேப்பரிலை வாற குறுக்கெழுத்தை நிரப்பிக்கொண்டு வந்து, என்ரை பேரையும் எழுதுங்கோ எண்டு நிப்பார்.”

“வேர்க்கிறதுதான் விளையாட்டெண்டால், வெங்காயம் கிண்டுற சனம் முழுக்கவும் அந்தப் பலகையிலை இருக்க வேணும்,” என்றாள் பத்மாசினி. “போன வருசம் பிரதேச விளையாட்டு விழாக் கிண்ணத்தைத் தலைக்கு மேலை தூக்கிக்கொண்டு வெடி கொளுத்தி வந்தனீர் எல்லே? அந்தக் கிண்ணத்துக்குப் புள்ளி எங்காலை வந்தது? கரம்போட்டிலையும் செஸ்ஸிலையும். உம்மடை கரப்பந்து முதல் சுற்றிலை மண் கவ்வினது. செஸ் விளையாடின பெடியனுக்கு எங்கை வேர்த்தது, சொல்லும் பாப்பம்?”

கூட்டம் சிரித்தது. சிவகரனின் முகம் கறுத்தது.

“செஸ் மூளை விளையாட்டு அக்கா. கடுதாசி அதிட்டம்.”

“அதிட்டம் ஒருக்கா வரும், ரண்டு தரம் வரும். ஆறு தரமும் என்ரை வீட்டு விலாசம் கேட்டு வருமோ? தம்பி, உமக்குப் பந்து வெளியாலை போனால் எடுத்துத்தர ஆள் நிண்டது. நான் ஒரு தாளை மறந்தால் எடுத்துத்தர ஒருத்தரும் இல்லை. நாலு மணித்தியாலம் முப்பத்திரண்டு தாளையும் மண்டையிலை வைச்சுக்கொண்டு இருந்து பாரும், எங்கை வேர்க்குதெண்டு தெரியும்.”

சிவகரன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ குனிந்து பேசினான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் நல்ல பிள்ளைக் களை இருந்தது. பத்மாசினி அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் விட்டுவிட்டாள்.

“சரி அக்கா. முந்நூற்றிநாலைக் கழகத்தின்ரை விளையாட்டாய் ஏத்துக்கொள்ளுவம். வெல்லுறாக்களின்ரை பேரும் பலகையிலை ஏறும். கையை உயர்த்துங்கோ.”

எல்லோரும் உயர்த்தினார்கள்.

வெள்ளிக்கிழமை அறிவித்தல் ஒட்டினார்கள். கழக யாப்பு விதிகளின்படி சகல விளையாட்டுகளும் ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு எனத் தனித்தனியாக நடத்தப்படும். கலப்புச் சோடிகளுக்கு அனுமதி இல்லை. நான்கு சோடிகளாவது பதியாத பிரிவு நடத்தப்படமாட்டாது. முன்னைய வருடங்களின் வெற்றிகள் கணக்கில் எடுக்கப்படமாட்டா.

பத்மாசினி அதை இரண்டு தரம் வாசித்தாள். வெறும் கடுதாசியாக இருந்த மட்டும் அவளை ஒருவரும் தடுக்கவில்லை. விளையாட்டாக்கியதும் வாசலைப் பூட்டிவிட்டார்கள். பூட்டுக்குக் கையை உயர்த்தியவர்களில் அவளும் ஒருத்தி. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சிவகரன் வீட்டுக்குப் போனாள்.

“விளையாட்டெண்டு கேட்டது நீங்கள்தானே அக்கா,” என்றான் அவன், பல்லுத் தீட்டிக்கொண்டே. “விளையாட்டெண்டால் சட்டம் இருக்கும்.”

“எட்டுப் பொம்பிளையள் வந்தால் நடத்துவீரோ?”

“ஓம், ஏன் நடத்தாமல்? எட்டுப் பேரைக் கொண்டு வாருங்கோ.” அவன் வாயைக் கொப்புளித்துத் துப்பினான். இவள் கூப்பிட்டு எட்டுப் பேர் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

ஆண்கள் பிரிவில் சோமசேகரம் இன்னொருவரோடு சோடி சேர்ந்து விளையாடினார். போகவேண்டாம் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. முதல் சுற்றிலேயே தோற்று வந்தார். அவருக்கு இருமத்தான் தெரியும், எதிரே இருந்தவனுக்கு இருமல் விளங்கவில்லை. “நல்லாய் வேணும்” என்று சொல்லிவிட்டு அவள் சோறு போட்டாள்.

அடுத்த இரண்டு வாரமும் பத்மாசினி வீடு வீடாகத் திரிந்தாள். தன் வாயால் இருபத்திரண்டு வருடமாக என்னென்ன விதைத்திருக்கிறோம் என்பதை அப்போதுதான் பார்த்தாள். ஒருத்தி, “என்ரை பால்றொட்டியால கூரை வேயலாம் எண்டனீங்கள் எல்லே, போய்க் கூரையோடை விளையாடுங்கோ” என்று கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி, தன் மகள் கணிதத்தில் தவறியதைக் கடையில் பத்துப் பேருக்கு முன்னால் விசாரித்த நாளைத் திகதியோடு சொன்னாள். ஞாபகம் தனக்கு மட்டும் உள்ள சொத்து என்று இவ்வளவு காலமும் பத்மாசினி நினைத்திருந்தாள்.

ஆனாலும் விடவில்லை. கடையில் தன்னோடு வேலை செய்யும் தனுஷிகாவைத் தனக்குச் சோடியாக இழுத்தாள். பிரதேச சபையில் வேலைபார்க்கும் சாருஜா, சிவகரனோடு ஏதோ பழைய பகையில், தானாகவே வந்தாள். கெஞ்சியும் வெருட்டியும் இன்னும் நாலு பேர். தெரியாதவர்களுக்குக் கடைப் பின்னறையில் வைத்துப் பழக்கினாள். பழக்கும்போதும் திட்டினாள். ஆக ஏழு பேர். எட்டாவது ஆள் இல்லை.

எட்டாவதாக முந்நூற்றுநாலு தெரிந்த ஒருத்தி அந்த ஊரில் இருந்தாள். சோமசேகரத்தின் தங்கை கஜந்தினி. பத்மாசினியும் அவளும் பேசிப் பதினொரு வருடம். காணிச் சண்டையில்லை, நகைச் சண்டையில்லை. ஒருநாள் விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில், “அண்ணை இருமாமல் விட்டால் உங்களுக்கு ஒரு மண்ணும் விளையாடத் தெரியாது மச்சாள்” என்று கஜந்தினி சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு செத்தவீட்டில்கூட இருவரும் எதிரெதிர் மூலையில் இருந்தே அழுதார்கள்.

பத்மாசினி போனாள். போகிற வழி முழுதும் தன்னையே ஏசிக்கொண்டு போனாள். கஜந்தினி முற்றத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பத்மாசினி வாசல் படலையிலேயே நின்றாள்.

“போட்டிக்கு ஒரு ஆள் குறையுது.”

“கேள்விப்பட்டனான்.”

“வருவீரோ?”

கஜந்தினி ஒரு பிடியைக் கட்டி முடித்து, வெங்காயத் தாளை நறுக்கி, அடுத்ததை எடுத்தாள். “என்னை விட்டால் வேறை ஆளில்லை எண்டுதானே வந்து நிக்கிறியள்?”

“ஓம்.”

“அதை வாயாலை சொல்லுங்கோ.”

பத்மாசினிக்குக் காது சூடேறியது. திரும்பிப் போய்விடலாம். போனால் பலகையும் போகும். “உம்மை விட்டால் வேறை ஆளில்லை,” என்றாள்.

“வாறன். உங்களுக்காண்டி இல்லை. உங்களைப் பலகையிலை ஏறவிடாமல் பண்ணுறதுக்கு வாறன்.”

“வந்து பாரும்,” என்று சொல்லிவிட்டுப் பத்மாசினி நடந்தாள். ஒருவகையில் அவளுக்கு அது பிடித்திருந்தது. மற்ற ஆறு பேரும் உபகாரத்துக்கு வந்தவர்கள். இவள் ஒருத்திதான் வெல்ல வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சனசமூக நிலையம் நிரம்பி வழிந்தது. பெண்கள் கடுதாசி விளையாடுவதைப் பார்க்க வராத ஆள் இல்லை. சிவகரன் நடுவராக நின்றான். இறுதி ஆட்டத்துக்குப் பத்மாசினி, தனுஷிகா ஒரு பக்கம். கஜந்தினி, சாருஜா மறுபக்கம். பக்கத்துக்குப் பதினொரு காய். ஆட்டம் தோற்றால் கேள்விக்கேற்பக் காய் போகும், காய் தீர்ந்த பக்கம் தோற்ற பக்கம். இரண்டரை மணித்தியாலம் இழுத்தது. கஜந்தினியிடம் இரண்டு காய் மிச்சம், பத்மாசினியிடம் நாலு. அடுத்த ஆட்டத்தை நிதானமாக வென்றாலே போதும், கஜந்தினியின் இரண்டு காயும் போய்விடும்.

பத்மாசினிக்கு அருமையான கை வந்தது. அளவான கேள்வி கேட்டாள், துரும்பைக் கவிழ்த்தாள். மிச்சத் தாளும் வந்தது. அதுவும் நல்ல தாள். கண்ணை மூடிக்கொண்டு வெல்லலாம். அப்போது கஜந்தினி யன்னல் பக்கம் பார்த்தாள். சோமசேகரம் ஆண்களோடு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணையை உள்ளுக்குக் கூப்பிடட்டோ மச்சாள்?” என்றாள் கஜந்தினி. “தனிய விளையாடக் கஷ்டமாயிருக்கும்.”

மண்டபம் சிரித்தது. எட்டுச் சுற்றையும் தானே எடுப்பதாக அறிவிக்கிற ஒரு வழி முந்நூற்றுநாலில் உண்டு. எடுத்தால் எதிராளி அவமானப்பட்டுப் போவார். ஒரு சுற்றுத் தவறினாலும் அறிவித்தவருக்கு நாலு காய் போகும். அதற்குத் தேவையே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பை அப்படியே திருப்பிக் கஜந்தினியின் வாய்க்குள் திணிக்க வேண்டும் போல இருந்தது. பத்மாசினி வாயைத் திறந்தாள்.

யன்னலில் சோமசேகரம் இருமினார்.

எல்லோருக்கும் கேட்டது. பத்மாசினிக்கும் கேட்டது. வேண்டாம், நிறுத்து என்று இருபத்தெட்டு வருடமாகச் சொன்ன அதே இருமல். அது சரியென்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் இப்போது நிறுத்தினால் கஜந்தினி பதினொரு வருடத்துக்கு முன் சொன்ன சொல் உண்மையாகிவிடும். எல்லோருக்கும் முன்னால், அந்த நிமிடமே.

“எட்டும் எனக்கு,” என்றாள் பத்மாசினி.

ஆறு சுற்று எடுத்தாள். ஏழாவதில், சாருஜாவிடம் இருப்பதாக அவள் நினைத்திருந்த தாளை, கஜந்தினி எழும்பி நின்று பாயில் அறைந்தாள்.

தோற்றவர் காதில் பூவரசம் இலை கொழுவுவது அந்த ஊர் வழக்கம். விளையாட்டு ஆனபிறகு அதைச் சட்டத்தில் நீக்கியிருந்தார்கள். கஜந்தினி இலையை மடியிலேயே கொண்டுவந்திருந்தாள். பத்மாசினி தலையைத் திருப்பாமல் காதைக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும்வரை அதைக் கழற்றவும் இல்லை. பின்னால் சைக்கிளில் வந்த சோமசேகரம், “இஞ்சேரும், நான்...” என்று தொடங்கினார். “நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ” என்றாள். அவர் திறக்கவில்லை. மூன்று நாள் இருமவும் இல்லை.

நாலாம் நாள் சிவகரன் சங்கக்கடைக்கு வந்தான். வெளியில் பெயின்ரர் பெயின்ற் பேணியோடும் தூரிகையோடும் நின்றான். கடையில் ஆட்கள் போகும்வரை சிவகரன் ஓரமாக நின்று, பிறகு மேசையில் சாய்ந்து மெதுவாகக் கதைத்தான்.

“அக்கா, ஒரு சங்கதி. இண்டைக்குப் பலகை எழுதுறம். ஆண்களின்ரையை மட்டும் எழுதுவம் எண்டு நினைக்கிறன். எட்டுப் பொம்பிளையள் இருந்து விளையாடினதை ஒரு போட்டியெண்டே சொல்லுறது? சும்மா ஒரு பொழுதுபோக்கு. கடுதாசிதானே. கஜந்தினியின்ரை பேரை எழுதாமல் விடுவம். நீங்கள் ஓம் எண்டால் மற்றாக்கள் ஒருத்தரும் கேக்கமாட்டினம். உங்களுக்கும் மரியாதை.”

உள்ளதைச் சொல்லவேண்டும், பத்மாசினிக்கு அது இனித்தது. ஓம் என்று ஒரு சொல். அந்தப் பெயரை ஒவ்வொரு நாளும் கடைக்கு வருகிற வழியில் பார்க்கத் தேவையில்லை. அவள் ஏறாத பலகையில் அவளுடைய எதிரியும் ஏறமாட்டாள். கடுதாசிதானே, யார் வென்றால் என்ன, யார் தோற்றால் என்ன. இரவில் நித்திரை வரும். சிவகரன் நல்ல பிள்ளை முகத்தோடு காத்துக்கொண்டு நின்றான். பொதுக்கூட்டத்தில் கையை உயர்த்தச் சொன்னபோது இருந்த அதே முகம். இந்த முறை பத்மாசினி அதைக் கவனித்தாள்.

தனுஷிகாவைக் கூப்பிட்டுக் கடையைப் பார்க்கச் சொன்னாள். சிவகரனைத் தாண்டி வெளியே வந்தாள். பெயின்ரரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து சனசமூக நிலையத்துக்குள் போனாள். அங்கிருந்த நீள மர வாங்கை இழுத்துப் பலகைக்குக் கீழே போட்டாள். பின்னால் ஓடிவந்த சிவகரன், “அக்கா, நான் உங்கடை நன்மைக்குத்தான்...” என்றான்.

“உம்மடை நன்மையைக் கொண்டுபோய்க் கிணத்திலை போடும். தோத்தவுடனை கடுதாசியெண்டு சொல்லுறதுக்கோ நான் வீடு வீடாய்த் திரிஞ்சு ஏச்சு வாங்கினனான்? இது விளையாட்டு. அவள் வெண்டவள், நான் தோத்தனான்.”

பெயின்ரர் வாங்கில் ஏறி நின்று, இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்னத்தைப் பாக்கிறாய்?” என்றாள் பத்மாசினி. “எழுதடா அந்த மூதேவியின்ரை பேரை.”